சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். வலி இன்னும் போகவில்லை. என்ன சொல்வது?

நாணல்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விபத்துக்குப் பிறகு எனக்கு நரம்பு வலி வந்தது. இடுப்பில் தொடங்கி இடது கால் வரை இழுக்கும். காயம் எப்போதோ ஆறிவிட்டது, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, வலி மட்டும் போகவில்லை. மாத்திரை போட்டால் அடங்கும், இரவில் மறுபடி ஆரம்பிக்கும்.

எங்கள் சபையில் ஒரு சிறப்புக் கூட்டம் வருகிறது. தலைப்பு 'வேதனையில் ஒரு நோக்கம்'. போதகர் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். நல்ல மனிதர், மருத்துவமனையில் என்னோடு கூடவே இருந்தவர், அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: விபத்துக்கு முன் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இதன் மூலம் தேவன் என்ன கற்றுக்கொடுத்தார், இப்போது எப்படி இருக்கிறேன். முதல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பொறுமை கூடவில்லை, எரிச்சல்தான் கூடியிருக்கிறது.

ஒவ்வொரு வேதனைக்கும் ஒரு நோக்கம் உண்டு என்று விசுவாசித்துத்தான் ஆக வேண்டுமா? அது எனக்குத் தெரியவில்லை என்றால் விசுவாசக் குறைவா? தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28ஐ மட்டும் அனுப்பாதீர்கள், அது எனக்கு மனப்பாடம்.

விடியல்வெள்ளி:

சகோதரா, யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கதை தொடங்கும்போது அவருக்கு 17 வயது, பார்வோன் முன் நிற்கும்போது 30. நடுவில் குழி, அடிமை வாழ்வு, பொய்க் குற்றச்சாட்டு, சிறை. கடைசியில் அண்ணன்மார் செய்த தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று அவரே சொல்கிறார் (ஆதியாகமம் 50:20). சிறையில் கிடந்தபோது அவருக்கும் நோக்கம் தெரிந்திருக்காது. உங்களுக்கும் ஒருநாள் தெரியும். தைரியமாகச் சாட்சி சொல்லுங்கள், சொல்லச் சொல்ல விசுவாசம் வளரும். ஜெபிக்கிறேன்.

தோமாவின் விரல்:

யோசேப்பு கதையை நாம் எப்போதும் கடைசி அதிகாரத்தில் நின்றுகொண்டுதான் சொல்கிறோம். அந்த வசனத்தைச் சொன்னது யார்? யோசேப்பேதான். எப்போது? எல்லாம் முடிந்து, அப்பா யாக்கோபையும் அடக்கம் செய்த பிறகு. யாரிடம்? தன்னை விற்ற அண்ணன்களிடம், பயப்படாதீர்கள் என்று தேற்றுவதற்காக. அவர் குழிக்குள் கிடந்தபோது யாரும் மேலேயிருந்து எட்டிப் பார்த்து 'தம்பி, இதில் ஒரு நோக்கம் இருக்கிறது' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சொன்னவன் அந்த அண்ணன்களில் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

நாணல், பார்க்காததைப் பார்த்தேன் என்று மேடையில் சொல்லாதீர்கள். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றால் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

பழைய ஏடு:

வேதம் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் வைத்திருக்கிறது என்று நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எபிரெயர் 12, சில பாடுகளைத் தகப்பன் பிள்ளையைச் சிட்சிப்பதோடு சேர்த்துப் பேசுகிறது. ரோமர் 5, உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்கிறது. 2 கொரிந்தியர் 1:4, நாம் பெற்ற ஆறுதலைக் கொண்டு மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யலாம் என்கிறது. இந்த மூன்றும் நோக்கத்தைப் பற்றிப் பேசுகின்றன, மறுக்கவில்லை.

ஆனால் லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? இல்லை என்கிறார். சரி, பிறகு ஏன் விழுந்தது? அதற்குப் பதிலே வருவதில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் 'யார் செய்த பாவம்' என்று ஆராய்ச்சியில் இறங்குகிறார்கள். இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை, தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு என்று சொல்லிவிட்டு இயேசு மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். நோக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம்தான் பேசினார், உடனே வேலையில் இறங்கிவிட்டார். நம் கூட்டங்களில் வாக்கியம் ஒரு மணி நேரம் போகிறது, வேலைதான் நடப்பதில்லை.

அப்புறம் யோபு, குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்தவர். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது. 38 முதல் 41 வரை கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். கடல் வருகிறது, விடியற்காலம் வருகிறது, காட்டுக்கழுதை, தீக்கோழி, லிவியாதான் எல்லாம் வருகின்றன. 'உனக்கு ஏன் இப்படி நடந்தது' மட்டும் வருவதில்லை. நான் பலமுறை இதை எரிச்சலோடு வாசித்திருக்கிறேன். ஆனாலும் யோபுவுக்கு அது போதுமாக இருந்தது. காரணம் கேட்டவருக்குக் காரணம் கிடைக்கவில்லை, அவர் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த தேவன் நேரில் வந்தார்.

முக்கியமான இடம் 42:7. மூன்று நண்பர்களும் பக்கம் பக்கமாகத் தேவனுக்காக வாதாடியவர்கள். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தவர். அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசிடம் கர்த்தர் சொல்வது: 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.' அந்த நண்பர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், ஆரம்பத்தில் 7 நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது (2:13). வாயைத் திறந்ததும் கெட்டது.

எனவே நாணல், உங்களுடையது விசுவாசக் குறைவு இல்லை. சங்கீதம் 88ஐ வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதியில் போய் நிற்கும். இது அப்படிப் போகாது, கடைசி வரி வரை வெளிச்சமே வராது. இருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. இரவும் பகலும் தேவனை நோக்கித்தான் கூப்பிடுகிறான், அதையே விசுவாசம் என்று எண்ணித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர், வலி நிவாரணப் பிரிவில் வேலை. உடம்பின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வலியின் நோக்கம் என்றாலே நம் பிரசங்கங்களில் டாக்டர் பால் பிராண்ட் வருவார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக அழுகிவிடுகின்றன என்று நம்பியிருந்த காலம் அது. உணர்ச்சி போய்விடுவதால் சூடும் வெட்டும் தெரியாமல் அவர்களே காயப்பட்டுக்கொள்கிறார்கள், சேதத்தில் பெரும்பங்கு அதனால்தான் என்று அவர் எடுத்துக்காட்டினார். பிறகு அமெரிக்காவில், உணர்ச்சியற்ற கைகளுக்குச் செயற்கை எச்சரிக்கை தரும் கருவி ஒன்றைச் செய்ய அவருடைய குழு முயன்றது. ஒலியையும் ஒளியையும் நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. மின்சாரத்தால் சுருக்கென்று குத்தவைத்தால், கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. உடம்பைக் காப்பாற்ற வலி வேண்டும், அதுவும் நம்மால் அணைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

இதை அப்படியே நாணலின் வலிக்கு ஒட்டவைக்கிறார்கள், அங்கேதான் தப்பு. 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம். அதில் பல நேரம் காயம் ஆறியிருக்கும், நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் பழைய சமிக்ஞையையே அனுப்பிக்கொண்டிருக்கும். திருடன் போன பிறகும் விடாமல் குரைக்கும் நாய் மாதிரி. எச்சரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

'நான் எதைக் கற்றுக்கொள்ளாததால் சிஸ்டர் இது போகமாட்டேன் என்கிறது?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பாடம் படித்து முடித்தால் வலி போய்விடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வலியோடு இதையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

அக்கினிச்சூளை:

மாத்திரையை நம்பிக்கொண்டு நோக்கத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சிலுவையில் அறையுமுன் இயேசுவுக்கு வலி தெரியாமலிருக்க வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை (மாற்கு 15:23). வேதனையை முழுவதும் ருசித்தவனுக்குத்தான் வெளிப்பாடு.

இரவுப்பணி:

யாரும் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நரம்பு வலிக்குத் தரும் மருந்துகள் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைகூட போகும். நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும்தான் வார்த்தான், வெளிப்பாடு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

மட்டுறுத்துநர்:

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். மேலே உள்ளது பதிலோடு சேர்ந்து இருக்கட்டும்.

சிற்றாலயம்:

நான் கத்தோலிக்கன், விவிலியப் பெயர்கள் என் பதிவில் கொஞ்சம் மாறி வரும். வலி மருந்து விஷயத்தில் எங்கள் பக்கம் சந்தேகமே இல்லை. 1957இல் மயக்க மருந்து வல்லுநர்கள் கேட்டதற்கு, வலியைப் போக்க மருந்து எடுப்பது தவறில்லை, வேறு வழி இல்லாதபோது ஆயுள் குறையக்கூடும் என்றாலும் எடுக்கலாம் என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் பதில் சொன்னார்.

ஆனால் நோக்கம் என்ற பேச்சையே தூக்கிப் போட நான் தயாரில்லை. கொலோசையர் 1:24இல் பவுல், கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாய் இருப்பதைத் திருச்சபைக்காகத் தன் உடலில் நிறைவு செய்வதாக எழுதுகிறார். இதை அடியாகக் கொண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி ஒரு மடல் வெளியிட்டார். 1981இல் குண்டடிபட்டுப் படுத்துக் கிடந்தவர் எழுதியது. என் வலியை இன்னொருவருக்காகக் கிறிஸ்துவோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். எழுந்து நிற்கவே முடியாதவருக்கும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது, அவர் வெறும் சுமை இல்லை. அந்த மடலும் கடைசியில் நல்ல சமாரியரிடம்தான் வந்து சேர்கிறது: துன்பத்தால் நன்மை செய், துன்பப்படுகிறவருக்கும் நன்மை செய்.

தோமாவின் விரல்:

சிலுவையில் 'முடிந்தது' என்று அவரே சொல்லிவிட்டார். அதில் என்ன குறைவு?

சிற்றாலயம்:

மீட்பில் ஒரு குறைவும் இல்லை, அதில் உங்களோடு சண்டை இல்லை. எங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார் என்பதுதான் நான் சொல்வது. இதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், நாணலின் கேள்வி காணாமல் போய்விடும்.

விடியல்வெள்ளி:

நான் முதலில் எழுதியது பிரசங்கம் மாதிரி இருந்திருக்கலாம். அதன் பின்னால் ஒன்று இருக்கிறது. எங்கள் முதல் குழந்தை பிறந்த சில வாரங்களில் போய்விட்டது. எதற்காக என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தேவனுக்குத் தெரியும் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாராவது வந்து இதில் நோக்கமும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்தே இருக்கமாட்டேன். படித்தவர்கள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

தோமாவின் விரல்:

அக்கா, அது உங்களுடையது. நீங்கள் சொல்லும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். நான் உங்கள் வீட்டுக்கு வந்து அதையே உங்களிடம் சொன்னால்தான் தப்பு.

பழைய ஏடு:

1542இல் மார்ட்டின் லூதரின் மகள் மக்தலேனா 13 வயதில் இறந்தாள். உயிர்த்தெழுதலைப் பற்றி அவ்வளவு பிரசங்கித்த மனிதர். மகள் நல்ல இடத்துக்குப் போனதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும், ஆனாலும் தானும் மனைவியும் அழாமல் இருக்க முடியவில்லை என்று ஒரு நண்பருக்கு எழுதினார். விடியல்வெள்ளி சகோதரி சொல்வதும் தோமா சொல்வதும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்.

நாணல்:

எல்லோருக்கும் நன்றி. போதகரிடம் போய்ப் பேசினேன். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். அவர் ஜோனி எரிக்சன் டாடாவை உதாரணம் காட்டினார். 1967இல், 17 வயதில், தண்ணீரில் குதித்துக் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர். அவரை எத்தனை பேருக்குத் தேவன் ஆசீர்வாதமாக வைத்தார் பார் என்றார். அது உண்மைதான். ஆனால் அவரோடு என்னை ஒப்பிட்டதும் எனக்கு இன்னும் சோர்வாகிவிட்டது.

இரவுப்பணி:

ஜோனியின் கதையிலும் நடுப்பகுதியைத் தாண்டிவிடுகிறோம். முதல் காலத்தில் சாக வேண்டும் என்று கேட்டவர் அவர். குணமாக ஜெபிக்கும் கூட்டங்களுக்கும் போனார், குணமாகவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஊழியத்தை ஆரம்பித்தது 1979இல், அதாவது விபத்து நடந்து 12 வருடம் கழித்து. அதற்குப் பிறகும் நாள்பட்ட வலி, 2010இல் மார்பகப் புற்றுநோய். அவர் ஊழியம் செய்ததால் வலி நியாயமாகிவிட்டது என்று அவரே கணக்குப் போடுவதில்லை. உங்கள் போதகர் உங்களுக்கு 12 வருடமாவது கொடுக்கட்டும்.

மாலைநிழல்:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவருக்கு ஞாபக மறதி நோய். என்னையே சில நாள் தெரியாது. இராத்திரி எழுந்து வீட்டை விட்டுப் போகப் பார்ப்பார்.

நாணல் தம்பிக்காவது ஒருநாள் நோக்கம் தெரியலாம். என் கணவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? நேற்றையது இன்றைக்கு இல்லை. அப்படியென்றால் நோக்கம் எனக்காகவா? எனக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்க அவரை உடைத்தாரா? எங்கள் சபையில் ஒரு சகோதரி கிட்டத்தட்ட அப்படியே சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். அப்படிப்பட்ட தேவனிடம் எனக்கு ஜெபிக்க வரவில்லை. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தோமாவின் விரல்:

அம்மா, அப்படிப்பட்ட தேவனை நானும் நம்பவில்லை. ஒருவருக்குப் பாடம் நடத்த இன்னொருவரை நொறுக்குகிறவரை இயேசுவிடம் நான் பார்க்கவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போனபோது, சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். நோக்கம் கையிலேயே இருந்தது. இருந்தும் அவன் சகோதரி மரியாளுக்கு அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை, கண்ணீர் விட்டார்.

பழைய ஏடு:

தேவன் ஒன்றை அனுப்பினார் என்பதும், வந்த ஒன்றுக்குள் அவர் வேலை செய்கிறார் என்பதும் வேறு வேறு. பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். உங்கள் கணவரின் நோய் ஒரு பாடத்துக்காக அனுப்பப்பட்டது என்று நீங்கள் நம்பத் தேவையில்லை. ரோமர் 8இலேயே, 28ஆம் வசனத்துக்கு முன்னால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று வருகிறது. 28ஐ மட்டும் வெட்டியெடுத்து சட்டம் போட்டு மாட்டிவிட்டோம்.

ஜெர்மானியப் போதகர் போன்ஹோபர் நாஜிச் சிறையிலிருந்து 1944 ஜூலையில் எழுதிய கடிதம் ஒன்றில், பாடுபடுகிற தேவனால்தான் நமக்கு உதவ முடியும் என்கிறார். அடுத்த ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். உங்கள் கணவர் எதைக் கற்றார் என்பதில் அவருடைய மதிப்பு இல்லை, அவர் தேவனை மறந்தாலும் தேவன் அவரை மறக்கவில்லை. என் தரப்பிலிருந்து இவ்வளவுதான், மற்றபடி நீங்கள் ஜெபிக்க முடியாத நாட்களில் நாங்கள் ஜெபிக்கிறோம்.

இரவுப்பணி:

அம்மா, ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள்?

மாலைநிழல்:

நினைவில்லை.

இரவுப்பணி:

அப்படியானால் நோக்கத்தைப் பற்றிய பேச்சு அப்புறம். எலியா சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று படுத்துவிட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடும் தண்ணீரும் வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). உங்கள் சபையில் 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்பவர்களிடம், வாரத்தில் ஒரு மாலை இரண்டு பேர் வந்து அவரோடு இருக்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நாளையும் மணியையும் நீங்களே சொல்லுங்கள். 'ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பதற்குப் பதிலாக அது போகட்டும்.

நாணல்:

மூன்றாவது பத்தி இப்படி வந்திருக்கிறது, போதகருக்கு அனுப்பிவிட்டேன்:

'இது எனக்கு ஏன் வந்தது என்று தெரியாது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை கேட்டார், முள் நீங்கவில்லை, என் கிருபை உனக்குப்போதும் என்ற பதில் வந்தது. நான் அதைவிட அதிகமாகக் கேட்டுவிட்டேன், எனக்கு இன்னும் அப்படி எதுவும் கேட்கவில்லை. வலி என்னை நல்லவன் ஆக்கவில்லை. ஆனால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் இப்போது நான் உடனே பதில் சொல்வதில்லை, உட்கார்ந்து கேட்கிறேன். கூட்டம் முடிந்து யாருக்காவது பேச வேண்டுமென்றால் பின்வரிசையில் இருப்பேன். ரொம்ப நேரம் உட்கார முடியாது, அதனால் நின்றுகொண்டிருப்பேன்.'

போதகர் வாசித்துவிட்டு 'கொஞ்சம் சோர்வாக முடிகிறதே' என்றார். பிறகு அப்படியே இருக்கட்டும் என்றார்.

விடியல்வெள்ளி:

நன்றாக இருக்கிறது சகோதரா. அந்தப் பின்வரிசையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மாலைநிழல்:

இரவுப்பணி சொன்னபடி கேட்டேன். செவ்வாய் மாலை ஒரு தம்பதி வருகிறார்கள், முன்பு நான் சொன்ன அந்தச் சகோதரியும் அவர் கணவரும்தான். அவர்களுக்கு எதைச் சொல்லி வைக்க வேண்டும்? இவர் புது ஆட்களைப் பார்த்தால் பயப்படுவார்.

இரவுப்பணி:

முதல் முறை நீங்களும் கூட இருங்கள், தூங்குவது அடுத்த வாரம். வந்ததும் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லட்டும், 'என்னை ஞாபகம் இருக்கிறதா' என்று கேட்க வேண்டாம். அவர் தப்பாக ஏதாவது சொன்னால் திருத்த வேண்டாம். டிவியை அணைத்துவிடுங்கள். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கட்டும், சாவி அவர்களிடம் இருக்கட்டும். பழைய பாமாலைப் பாட்டுகள் தெரிந்தால் பாடச் சொல்லுங்கள், பேச்சு போன பிறகும் பாட்டு பலருக்கு வரும். மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். ஆலோசனை எதுவும் வேண்டாம் என்று அந்தச் சகோதரியிடம் முன்னாலேயே சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், இந்த இழையின் இணைப்பை அனுப்பிவிடுங்கள்.